தும்பைச் செடியை இனங்கண்டறியும் முறை

தமிழ்நாட்டில் தும்பை என்னும் பெயரைக் கேளாதவர் இலர். வெளுத்த ஆடையையும் வெந்த சோற்றையும் தும்பைப்பூவுக்கு ஒப்பிடுவது நாட்டுப்புறத்தில் நாளும் வழங்கும் பேச்சு. ஆயினும், பெயரை அறிவது வேறு. செடியை அறிவது வேறு. தும்பை என்று முடியும் பெயருடைய செடிகள் பல. பெருந்தும்பை, கவிழ்தும்பை, காசித்தும்பை என்பன அவற்றுட் சில. இவற்றுள் பின்னிரண்டும் தும்பையின் குடும்பத்தைச் சேர்ந்தனவே அல்ல. பெயரை மட்டும் நம்பிச் செடியைப் பறிப்பவர் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொள்வது இயல்பாகிவிடுகிறது.

இது செடிநூல் கற்றோருக்கு மட்டும் உரிய விஷயமன்று. நிலமுடையோர், தம் புன்செய்யில் முளைத்திருப்பது விடத்தக்க பூண்டா, உடனே களையத்தக்க பூண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூலிகை வாங்குவோர் கிராமங்களுக்கு வந்து "தும்பை" என்று கேட்டு எடைக்கு வாங்குகின்றனர். ஊரில் ஒருவர் ஏதோ ஒரு தழையை அரைத்துக் குடித்து நோயுற்றால், அத்தழை யாது என்ற கேள்வி முதலில் கிராம அதிகாரியிடமே வருகிறது. ஆகையால் தும்பையை ஐயமின்றி அறிந்துகொள்ளும் வழியைத் தெளிவாக எடுத்துக் கூறுதல் பயனுடையதாகும்.

பழமையும் பெயரும்

தும்பை இந்நாட்டுக்கே உரிய செடி. போர்க்களத்தில் எதிர்நின்று பொரும் வீரர் சூடிய பூ இது. அதனாலேயே தொல்காப்பியத்தில் அப்போர் ஒழுக்கத்திற்குத் தும்பைத் திணை என்று பெயர் ஏற்பட்டது. குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறப்படும் மலர்களுள்ளும் தும்பை ஒன்று. சிவ வழிபாட்டில் இன்றும் இப்பூ இடம்பெறுகிறது.

செடிநூலார் இதற்கு இட்ட பெயர் லூக்காஸ் ஆஸ்பெரா என்பது. லூக்காஸ் என்பது வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்பெரா என்பது சொரசொரப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல். பெர்லின் நகரத்துத் தோட்டச் செடிகளை எழுதிய வில்டெனோ என்பவர் 1809-இல் இதனை வேறோர் இனப்பெயரால் குறித்தார். லூக்காஸ் என்னும் இனத்தை ராபர்ட் பிரௌன் 1810-இல் வகுத்தார். 1822-இல் லிங்க் என்பவர் தும்பையை அவ்வினத்தில் சேர்த்தார். அப்பெயரே இன்றும் நிலவுகிறது. பூவின் வெண்மையும் உடலின் சொரசொரப்பும் ஆகிய இரண்டும் பெயரிலேயே அடங்கியிருப்பதால், அப்பெயரின் பொருளை நினைவில் வைத்திருப்பவர்க்குச் செடியின் பாதி அடையாளம் கைவந்துவிட்டது எனலாம்.

குடும்பத்தின் பொது அடையாளங்கள்

தும்பை சேர்ந்த குடும்பத்தை முன்னாளில் லேபியேட்டே என்று வழங்கினர். லேபியம் என்பது இலத்தீனில் உதடு. இக்காலத்தில் லேமியேசியே என்னும் பெயரே பெரிதும் வழங்குகிறது. துளசி, திருநீற்றுப்பச்சை, கர்ப்பூரவல்லி, புதினா ஆகியவை யாவரும் அறிந்த உறவினர். உலகெங்கும் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 7,000 வகைச் செடிகள் உண்டு. இவற்றுள் நம் வயல்களிலும் வரப்புகளிலும் காணப்படும் பூண்டுகளை அறிய நான்கு பொது அடையாளங்கள் உதவும்.

முதலாவது, தண்டு உருண்டையாக இராமல் நான்கு பட்டையாக இருக்கும். தண்டை இரு விரலுக்கிடையில் வைத்து உருட்டினால் பட்டைகள் விரலுக்குத் தெரியும்.

இரண்டாவது, இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். கீழ்க்கணுவில் உள்ள இணை கிழக்கு மேற்காக இருந்தால், அடுத்த கணுவில் உள்ள இணை தெற்கு வடக்காக நிற்கும்.

மூன்றாவது, பூவின் அல்லி வட்டம் இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். வாய் திறந்ததுபோல் மேலுதடு ஒன்றும் கீழுதடு ஒன்றும் தோன்றும்.

நான்காவது, பூ உதிர்ந்தபின் புல்லிக் கிண்ணத்தின் அடியில் நான்கு சிறு கொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றிலும் வித்து ஒன்றே.

இந்நான்கும் ஒருங்கே அமைந்திருத்தல் வேண்டும். ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்வது பிழையாகும். நான்கு பட்டைத் தண்டும் எதிரிலையும் உதடு பிளந்த பூவும் நிலவேம்புக்கும் உண்டு. ஆனால் அது வேறு குடும்பத்தது. நிலவேம்பின் காய் நீண்டு, முதிர்ந்தால் இரண்டாக வெடித்துப் பல வித்துக்களைச் சிதறும். கிண்ணத்தினுள் நான்கு கொட்டைகள் அதில் இரா. அதன் பூவில் கேசரங்கள் இரண்டே; தும்பையில் நான்கு. அவ்வாறே, நான்கு கொட்டைகள் கவிழ்தும்பையிலும் உண்டு. ஆனால் அதன் தண்டு உருண்டை, பூவில் உதடு இல்லை. இவ்வாறு ஓர் அடையாளம் பொதுவாயினும் மற்றோர் அடையாளம் வேற்றுமையைக் காட்டிக்கொடுக்கும்.

மணத்தைக் கொண்டு இக்குடும்பத்தை அறியலாம் என்று பலர் எண்ணுகின்றனர். துளசிக்கும் புதினாவுக்கும் அது பொருந்தும். தும்பையின் இலையைக் கசக்கினால் சிறிது கார நெடி எழுமேயன்றித் துளசி போன்ற நறுமணம் வீசாது. ஆதலின் மணமில்லை என்று கருதித் தும்பையை ஒதுக்கிவிடலாகாது.

தும்பையின் தனி அடையாளங்கள்

தும்பை ஓராண்டுப் பூண்டு. மழைக்குப்பின் முளைத்து, பூத்து, வித்துதிர்ந்து மடிவது. உயரம் அரையடி முதல் இரண்டடி வரை. அடியிலிருந்தே கிளைத்து, சில நேராகவும் சில பரந்தும் வளரும். தண்டிலும் இலையிலும் குட்டையான விறைத்த மயிர்கள் உள்ளன. கீழிருந்து மேலாகக் கையால் தடவினால் சொரசொரப்பு நன்கு தெரியும்.

இலைகள் ஒடுங்கி நீண்டவை. நீளம் 1 முதல் 3 அங்குலம். அகலம் பெரும்பாலும் அரை அங்குலத்திற்கு மேற்படாது. நுனி மழுங்கியிருக்கும். ஓரம் வெட்டின்றியேனும் மழுங்கிய பற்களோடேனும் காணப்படும். காம்பு மிகக் குட்டை.

பூக்கள் கணுக்களைச் சுற்றிலும், கிளை நுனியிலும் உருண்டைக் கொத்துக்களாக நெருங்கியிருக்கும். கொத்தின் அடியில் ஊசிபோல் ஒடுங்கிய சிறு பூவடிச் செதில்கள் பல உள. ஒரு கொத்திலுள்ள மொட்டுக்கள் ஒரே நாளில் மலர்வதில்லை. ஆகையால் ஒரு கொத்திலேயே மொட்டும் மலரும் காயும் சேர்ந்து காணலாம்.

ஐயம் தீர்ப்பதற்குப் பூவைவிடப் புல்லியே மிக உதவுவது. வெண்மையான அல்லியை விரலால் இழுத்தால் எளிதில் கழன்று வந்துவிடும். பசிய புல்லிக்குழல் செடியிலேயே நிற்கும். அக்குழல் ஏறக்குறைய அரை அங்குல நீளமுடையது, சற்றே வளைந்தது. அதன் கீழ்ப்பாதி மயிரின்றி மெல்லியதாகவும், மேற்பாதி வரிகளோடும் மயிரோடும் கூடியதாகவும் இருக்கும். வாய் நேராக இராமல் சாய்வாக வெட்டியது போன்றிருக்கும். மேற்பக்கம் முன்னுக்கு நீண்டிருக்கும். வாயின் ஓரத்தில் முள்முனை கொண்ட சிறு பற்கள் ஐந்துக்கு மேல், பத்து வரை எண்ணலாம். இந்தச் சாய்ந்த வாயும் பற்களின் மிகுதியும் சேர்ந்து தும்பையை மற்றவற்றினின்றும் பிரித்துக் காட்டுவன.

அல்லி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ளது. மேலுதடு சிறியது, குல்லாய் போலக் குவிந்து, வெண்பஞ்சு போன்ற மயிரால் மூடப்பட்டது. கீழுதடு அதைப்போல் இருமடங்கு நீண்டு, மூன்றாகப் பிரிந்து, நடுப்பகுதி அகன்று வட்டமாக விரியும். மேலுதட்டின் கீழ் நான்கு கேசரங்கள், இரண்டு நெடியனவும் இரண்டு குறியனவுமாக, ஒளிந்து நிற்கின்றன. தேனீ கீழுதட்டில் அமர்ந்து குழலின் அடியிலுள்ள தேனைத் தேடித் தலையை நுழைக்கும்போது, மேலுதட்டின் கீழுள்ள மகரந்தம் அதன் மேற்புறத்தில் படிகிறது. துளசியில் இவ்வமைப்பு மாறியிருக்கும். அங்கே கேசரங்கள் கீழுதட்டின்மேல் படிந்து வெளியே நீண்டிருக்கும்.

முதிர்ந்த கொட்டை நீண்ட வடிவினது, கபில நிறம், வழவழப்பானது, உட்புறம் கோணமாகவும் வெளிப்புறம் உருண்டும் இருக்கும். நீளம் இரண்டரை மில்லிமீட்டர் அளவே. உலர்ந்த கொத்தை உள்ளங்கையில் தட்டினால் இவை உதிரும்.

தும்பையென மயங்கத்தக்க செடிகள்

1. பேய்மிரட்டி: இதனையே சில இடங்களில் பெருந்தும்பை என்கின்றனர். இது தும்பையின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் இனம் வேறு. செடி புதர்போல் வளர்ந்து மூன்றடி முதல் ஆறடி வரை உயரும். இலை தடித்து, வெண்கம்பளி போர்த்தது போன்றிருக்கும். கசக்கினால் கடுமையான நெடி வீசும். பூ ஊதா நிறம். புல்லியில் பற்கள் ஐந்தே, வாயும் சாய்வானதன்று.

2. பெருந்தலைத் தும்பை: இதுவும் லூக்காஸ் இனத்ததே, செடிநூலார் லூக்காஸ் செபலோட்டஸ் என்பர். பூ வெண்மை. ஆனால் பூக்கள் கிளை நுனியில் ஓர் அங்குலத்திற்கு மேற்பட்ட குறுக்களவுள்ள பெரிய உருண்டையாகத் திரண்டிருக்கும். உருண்டையைச் சுற்றியுள்ள செதில்கள் ஊசிபோல் இராமல் அகன்று இலைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும்.

3. இருபூத் தும்பை: லூக்காஸ் பைபுளோரா எனப்படுவது. மெல்லிய தண்டோடு தரையில் படர்வது. இலை சிறிய முட்டை வடிவம். பூக்கள் கொத்தாக இரா. கணுவில் இரண்டிரண்டாகவே காணப்படும்.

4. கவிழ்தும்பை: இது போராஜினேசியே என்னும் குடும்பத்தது, தேள்கொடுக்கின் உறவு. பூ தலைகவிழ்ந்து தொங்குவதால் இப்பெயர் பெற்றது. தண்டு உருண்டை. அடியிலைகள் எதிரெதிரே நின்றாலும் மேலிலைகள் மாறி மாறி நிற்கும். பூ வெளிர்நீலமாகத் தோன்றிப் பின் சிவந்தோ வெளுத்தோ போகும். ஐந்து இதழ்களும் ஒத்த அளவாக விரியும். உதடு என்பதே இல்லை. இலையிலும் தண்டிலும் உள்ள மயிர் தும்பையினும் முரடானது.

5. காசித்தும்பை: இது தோட்டங்களில் அழகுக்கு வளர்ப்பது. தண்டு நீர்ப்பசையுள்ளது, உருண்டையானது. பூவின் பின்புறம் வால்போன்ற குழல் ஒன்று நீண்டிருக்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து வித்தைத் தெறிக்கும். தும்பையோடு பெயரைத் தவிர வேறெவ்விதத் தொடர்பும் இதற்கில்லை.

லூக்காஸ் இனத்தில் இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய நாற்பது வகைகள் உண்டு. அவற்றுட் பல மேற்குத் தொடர்ச்சி மலைகளில் மட்டுமே வளர்பவை. சமவெளியிலுள்ளார் அவற்றைக் காண்பது அரிது. மலைச்சரிவில் நிலமுடையோர், சமவெளித் தும்பையின் இலக்கணம் முற்றும் பொருந்தாத வெண்பூச் செடியைக் கண்டால், அது அத்தகைய மலைவகையாக இருத்தல் கூடும் என்று கருதி மாதிரி எடுத்து வைத்தல் நலம்.

மயக்கத்தால் விளையும் தீங்கு

மேற்கூறியவற்றுள் கவிழ்தும்பையைப் பற்றியே மிக்க எச்சரிக்கை வேண்டும். அது சேர்ந்த குடும்பத்துப் பூண்டுகள் பலவற்றில் பைரோலிசிடின் என்னும் வகையைச் சேர்ந்த நச்சுப்பொருள்கள் உள்ளன. அவை உடனே கொல்வன அல்ல. நாட்பட உண்ணின் கல்லீரலைக் கெடுப்பன. கவிழ்தும்பையின் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் வித்து தானியத்தோடு கலந்ததனால், உஸ்பெக்கிஸ்தானத்தில் 1940-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் மக்கள் பலர் நோயுற்றனர். நம் நாட்டிலும் 1970-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், அக்காலத்தில் மத்தியப் பிரதேசத்தில் இருந்த சர்குஜா ஜில்லாவில், சாமையோடு கிலுகிலுப்பை இனத்து வித்து கலந்து, உண்டவர் வயிறு வீங்கிப் பலர் மாண்டனர். அங்கும் கேடு செய்தது இதே வகை நச்சுப்பொருளே. சிறுதானியம் விளைவிப்போர், களத்திற்குப் போகுமுன் வயலிலேயே இத்தகைய பூண்டுகளைப் பிடுங்கி அகற்றுவது எத்துணை அவசியம் என்பதற்கு இவை சான்றாகும். கண்ணுக்குத் தெரிந்த செடியைப் பிடுங்குவது எளிது. தானியத்தோடு கலந்த சிறு வித்தைப் பொறுக்குவது அரிது.

தும்பையைச் சரியாக அறிந்து பறித்தாலும், அதனால் ஆகாத காரியத்தை அதனிடம் எதிர்பார்த்தலாகாது. சளிக்கும் தலைப்பாரத்திற்கும் தும்பையைப் பயன்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பாம்பு கடித்தவருக்கும் தும்பைச் சாறு கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் இருந்து வருகிறது. இதனை நம்பி நேரத்தைக் கழித்தல் உயிருக்கே கேடாகும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் ஊசிமருந்து உண்டு. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடியுற்ற உறுப்பை அசையாது வைத்து, அம்மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுசேர்த்தலே செய்யத்தக்கது. கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊரார்க்குத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லவேண்டும்.

களை என்ற முறையில் தும்பை

தும்பை மானாவாரிப் புன்செய்யிலும், தரிசிலும், பாதையோரத்திலும் மிகுதி. நிலக்கடலை, பயறு, சோளம் முதலிய பயிர்களின் இளம்பருவத்தில் ஈரத்தையும் உரத்தையும் பங்கிட்டுக்கொள்ளும். வித்தினாலேயே பெருகும் பூண்டாதலின், பூக்குமுன் களைந்துவிட்டால் அவ்வாண்டுக்கு அதன் தொல்லை ஒழிந்தது. பூத்தபின் களைந்தால் பயன் குறைவு. கணக்கிற்காக, ஒரு செடியில் 10 கொத்துக்களும், கொத்துக்கு 20 பூக்களும் என்று வைத்துக்கொண்டால், பூவுக்கு நான்காக 800 வித்துக்கள் ஆகின்றன. அவை யாவும் முளைப்பதில்லை எனினும், ஒருநாள் தாமதம் அடுத்த ஆண்டின் களைக்கூலியை ஏற்றுவது இதனால் விளங்கும். ஆகவே முதற்களையை, வெண்பூ கண்ணில் படுமுன் எடுப்பதே சிக்கனம். பூத்துவிட்ட செடிகளைப் பிடுங்கி வயலிலேயே போட்டு வைத்தல் கூடாது. வித்து உதிருமுன் வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

ஆயினும் வரப்பிலும் வேலியோரத்திலும் நிற்கும் தும்பையை அடியோடு அழிக்க வேண்டுவதில்லை. மழைக்குப்பின் தேனீக்கள் தும்பைப் பூக்களை விரும்பி நாடுகின்றன. எள், பூசணி, சூரியகாந்தி முதலியவை காய்பிடிக்கத் தேனீ துணைசெய்வது யாவரும் அறிந்ததே. அன்றியும், வரப்பைச் சுத்தமாகச் செதுக்கி வெற்றிடமாக்கினால் அவ்விடத்தை வேறு பூண்டு பிடித்துக்கொள்ளும். 1950-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் புனாவில் கவனிக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் அத்தகைய வெற்றிடத்திலேயே முந்திக்கொள்வது. அயல்நாட்டிலிருந்து வந்த அப்பூண்டைப் போல் அடங்காது பெருகும் இயல்பு, நம் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தும்பைக்கு இல்லை. வயலுக்குள் களை, வரப்பின்மேல் துணை என்று கொள்வதே பொருத்தம். தும்பை பூத்திருக்கும் வரப்பை அடுத்துப் பூச்சிமருந்து தெளிப்போர், தேனீக்கள் மேயும் காலைவேளையைத் தவிர்த்தல் வேண்டும்.

ஐயமுள்ள செடியை மாதிரியாக எடுத்துவைத்தல்

இவ்வளவும் பார்த்தபின்னும் ஐயம் நீங்காவிட்டால், செடியை உலர்த்தி அறிந்தோரிடம் அனுப்பலாம். வேரோடு பிடுங்கிய முழுச்செடியாக, பூவும் முதிர்ந்த காயும் உடையதாக எடுத்தல் வேண்டும். தழை மட்டும் அனுப்பினால் யாராலும் துணிந்து கூற இயலாது. மண்ணைத் தட்டி, பழைய செய்தித்தாள் மடிப்பினுள் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விரித்து, மேலே பலகையும் கல்லும் பாரமாக வைக்கவேண்டும். முதல் சில நாட்கள் தாளை நாள்தோறும் மாற்றினால் பூசணம் பிடிக்காது. நீண்ட செடியை மடித்து வைக்கலாம், நறுக்கலாகாது.

செடியோடு ஒரு சீட்டும் இருத்தல் வேண்டும். அதில் ஊர், தாலுக்கா, நாள், நிலத்தின் தன்மை, உயரம், மணம், ஊரில் வழங்கும் பெயர் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். பூவின் நிறம் உலர்ந்தபின் மாறிவிடும் ஆதலின் அதனைப் பறித்த உடனே எழுதிவைத்தல் முக்கியம். இத்தகைய மாதிரிகளைக் கோயம்புத்தூரிலுள்ள விவசாயப் பல்கலைக்கழகத்திலும், 1955 முதல் அந்நகரத்திலேயே நடைபெற்றுவரும் இந்தியத் தாவர ஆய்வுத்துறையின் தென்மண்டல நிலையத்திலும் ஒப்பிட்டு அறிய வசதியுண்டு. சென்னை ராஜதானிச் செடிகளைப் பற்றி காம்பிள் என்பவர் தொடங்கி, அவருக்குப்பின் பிஷர் என்பவர் முடித்து, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பெருநூல் இன்றும் ஆராய்வோர்க்குத் துணையாக இருந்துவருகிறது.

சுருக்கம்

தண்டு நான்கு பட்டையா, இலை எதிரெதிரா, பூ உதடு பிளந்ததா, கிண்ணத்தில் கொட்டை நான்கா என்று முதலில் பார்க்கவேண்டும். நான்கும் பொருந்தினால் செடி துளசிக் குடும்பத்தது. பின்னர், இலை ஒடுங்கிச் சொரசொரப்பாகவும், வெண்பூக்கள் கணுவைச் சுற்றிக் கொத்தாகவும், மேலுதடு பஞ்சுபோன்ற மயிருடையதாகவும், புல்லியின் வாய் சாய்ந்து ஐந்துக்கு மேற்பட்ட பற்களுடையதாகவும் இருந்தால் அது தும்பையே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், ஊரார் அதனைத் தும்பை என்றே அழைத்தாலும், வாயில் வைப்பதற்கோ விற்பதற்கோ முன் நின்று ஆராய்தல் வேண்டும். இச்சோதனைக்குக் கண்ணும் விரலும் போதும்; கருவி வேண்டுவதில்லை. பள்ளிச் சிறுவர்க்கும் ஒரு காலைப்பொழுதில் வரப்பிலேயே இதனைக் கற்பித்துவிடலாம்.